பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு மலை

கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரும் கல்வி அலுவலகத்தின் பனிக்காலத் திட்டக்குழுவினர். எங்கள் அதிபர் அவர்களை வாசலில் சிரித்த முகத்தோடு வரவேற்று, உள்ளே அழைக்காமல், கட்டடத்தைச் சுற்றிப் பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பனிக்கு மேல் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. போட்டவன் நான். அந்தப் பள்ளியில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. கதிரை எதற்கென்று காலையில் கேட்டபோது, "போடும் ஐசே, காரணம் தானா வந்து அதிலை இருக்கும்" என்று சொல்லியிருந்தார்.

கொரோனா வந்தபின் ஒஸ்லோ பள்ளிகள் கண்ட முதல் பனிக்காலம் அது. பள்ளிகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெருச்சந்தி விளக்குகள் போல மூன்று நிலைகள் வைத்திருந்தார்கள். பச்சை என்றால் வழமை. மஞ்சள் என்றால் ஒரு வகுப்பு இன்னொரு வகுப்போடு கலக்கக்கூடாது. சிவப்பு என்றால் பாதிப் பிள்ளைகள் வீட்டில். குழு தயாரித்திருந்த திட்டத்தில் மஞ்சள் நிலைக்கென்று ஒரு வசனம் இருந்தது. நெருக்கத்தைக் குறைப்பதற்காகப் பிள்ளைகள் மதிய உணவை முறைவைத்து வெளியில் உண்ணலாம் என்பது அந்த வசனம்.

"உட்காருங்கள். இன்று மஞ்சள்" என்றார் அதிபர்.

குழுத்தலைவர் நல்ல மனிதர். நகரத்தின் மேற்குப் பக்கம் வசிப்பவர். மெல்லிய தோல் சப்பாத்துப் போட்டிருந்தார். எல்லோருக்கும் பழுப்புநிறப் பாலாடைக்கட்டி வைத்த பாண் துண்டு கொடுக்கப்பட்டது. கையுறையோடு சாப்பிடக்கூடாது, ஏனென்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முடியாது என்று அதிபர் விளக்கினார். பாண் மரப்பலகைபோல விறைத்திருந்தது. தலைவர் முதலாவது விடயத்தை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரிக்கு வரும்போது அவருடைய உதடுகள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 'ப' வரவேண்டிய இடமெல்லாம் வெறும் காற்று வந்தது.

"உங்கள் பாண் அப்படியே இருக்கிறது. மிச்சம் வைத்தால் வீட்டுக்குக் குறிப்பு அனுப்புவோம்" என்றார் அதிபர்.

கூட்டம் மிக விரைவாக முடிந்தது. அடுத்த வாரம் வந்த திட்டத்தில் அந்த வசனம் இல்லை.

இதுதான் அவர். ஒரு திட்டம் எவ்வளவு வடிவாக எழுதப்பட்டிருந்தாலும், தான் போய் அதற்குள் நின்று பார்க்காமல் நம்பமாட்டார். நின்று பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் விடவும் மாட்டார். முதற்பழக்கத்தால் அவருக்கு அடிக்கடி சளியும் தடிமனும் பிடித்தது. இரண்டாவதால் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தொலைபேசி எடுத்துக் கிழிப்பார். அவருடைய ஏச்சு சாதாரண ஏச்சல்ல. ஊரில் தீவுப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் நோர்வேயின் வடமுனையில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அதிபர் பதின்ம வயதில் அங்கே வந்து, மீன் வெட்டுகிறவர்களுக்கு நடுவில் நோர்வேஜிய மொழி படித்தவர். அந்தப் பக்கத்தில் கெட்ட வார்த்தை என்பது சமையலில் உப்பு மாதிரி. ஒரு மனிதனைக் குதிரையின் குறிப்பிட்ட உறுப்பொன்றின் பெயரால் அழைப்பது அங்கே கிட்டத்தட்ட செல்லம். குட்டையான, கண்ணாடி போட்ட, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி அணிந்த தமிழ்ப் பெண்ணின் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வடக்கத்திய ராகத்தோடு வருவதைக் கேட்ட ஒஸ்லோ அதிகாரிகள் முதலில் தங்கள் காதைத்தான் சந்தேகித்தார்கள்.

தமிழிலும் குறைவில்லை. ஆண், பெண், பெரியவர், சின்னவர் எல்லோரும் அவருக்கு 'ஐசே'தான். எங்களுடைய தேவாலயத்தில் அந்த வருடம் கிறிஸ்து பிறப்பின் நத்தார்ப் பூசைக்கு முன்பதிவு செய்தவர்கள் மட்டும் வரலாம் என்று அறிவித்தார்கள். பூசை முடிந்து வாசலில் நின்ற பாதிரியாரிடம் இவர் போய், "பாதர், மாட்டுத் தொழுவத்துக்குப் போன மூண்டு ராசாக்களும் பதிஞ்சுபோட்டே போனவை? அவை வெளிநாட்டாக்கள், பத்து நாள் தனிமைப்படுத்த வேணுமெல்லே" என்று கேட்டார். பாதிரியார் முகக்கவசத்துக்குள் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பள்ளிக்கூட நடைபாதைகளில் ஒருவழிப் பாதை அம்புகள் ஒட்டவேண்டுமென்று ஓர் உத்தரவு வந்தது. ஒட்டி முடித்த அன்று பின்னேரம், எல்லோரும் போனபின், அதிபர் முழங்காலில் நின்றார். முதலாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் அந்த அம்புகளைப் பின்பற்றிப் பார்க்கப்போகிறாராம். நான் பின்னால் நடந்தேன். வகுப்பறையிலிருந்து புறப்பட்டார், கழிப்பறைக்குப் போனார், வெளியே வந்தார், அம்பு காட்டிய பக்கம் திரும்பினார், மறுபடி கழிப்பறைக்கு வந்தார். இன்னொருமுறை முயன்றார். மறுபடியும் கழிப்பறை.

"ஐசே, இந்தத் திட்டப்படி பாத்தால் மூத்திரம் பெய்யப்போன பிள்ளை பத்தாம் வகுப்பு முடிச்சுத்தான் வெளியிலை வரும்" என்றார், முழங்காலில் நின்றபடியே.

அம்புகளைக் கிழித்து மீண்டும் ஒட்டினோம். அலுவலகத்துக்கு அவர் எழுதிய மறுமொழியை நான் பாதி நீக்கித்தான் அனுப்பினேன்.

இப்போது அவர் ஒஸ்லோவில் இல்லை. அடுத்த கோடையிலேயே வடக்குக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கு அதிபர். பனிக்காலத்தில் சூரியனே எழும்பாத ஊர். "நல்ல ஊர் ஐசே, வெளிச்சம் இல்லாதபடியால் ஒருத்தரும் திட்டம் எழுதிறேல்லை" என்று சொன்னார். ஏன் போனார் என்று இங்குள்ள சனம் பலவிதமாகக் கதைக்கும். அந்த மலையால்தான் போனார் என்பார்கள். அந்த மலையைப் பற்றி நான் சொல்லவேண்டும்.

அது நத்தார் விடுமுறையில் தொடங்கியது. விடுமுறைக்கான அறிவுறுத்தலை அலுவலகம் காணொளிக் கூட்டத்தில் வாசித்தது. குடும்பங்கள் பயணங்களைத் தவிர்த்து, விடுமுறையைத் தங்கள் சொந்த மலைக்குடிலிலோ இல்லத்திலோ அமைதியாகக் கழிக்கவேண்டும். மலைக்குடில் என்பது நோர்வேயர்களுக்கு இரண்டாவது வீடு. காட்டுக்குள் மரத்தால் கட்டி, விறகு எரித்து, பனிச்சறுக்குப் போய் வருவார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நகரத்தின் கிழக்கே அம்மருட் பக்கத்துத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள். கூட்டத்தில் ஐம்பது முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தலையாட்டிக்கொண்டிருந்தன. எங்கள் அதிபர் ஒலிவாங்கியைத் திறந்தார்.

"எங்கள் பிள்ளைகளிடம் மலைக்குடில் இருக்கிறது. பதினோராம் மாடியில். ஆறு பேருக்கு இரண்டு அறை. மின்தூக்கி வேலைசெய்யும் நாட்களில் போய்வரவும் வசதி."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அது கவனத்தில் எடுக்கப்படும் என்றார்.

விடுமுறை தொடங்கியதும் இவர் அதை நேரில் பார்க்கப் போனார். வீடுகளுக்குள் போகமுடியாத காலம். தொடர்மாடிகளுக்கு இடையில் நடந்து திரிந்தார். விளையாட்டிடத்தில் கூட்டம் சேருகிறதென்று அதைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். அக்கா, நடுவில் ஒரு பெண், கடைசித் தம்பி. தமிழ்ப் பிள்ளைகள். பனி உடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டபடி, சத்தம்போடாமல் படிக்கட்டில் வரிசையாக இருந்தார்கள்.

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

"அப்பா நித்திரை" என்றாள் மூத்தவள்.

தகப்பன் இரவு பஸ் ஓட்டுகிறவர். தாய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். வீட்டில் இருந்தால் சின்னவன் சத்தம் போடுவான், அப்பா எழும்பிவிடுவார். அதனால் அப்பா தானாக எழும்பும்வரை இவர்கள் படிக்கட்டில்.

அதிபர் என்ன செய்தார் என்றால், அவர்களோடு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தார். தகப்பன் எழும்பும்வரை உட்கார்ந்தே இருந்தார். அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"குண்டி விறைச்சுப்போச்சு ஐசே. அந்தச் சின்னவன் நாலு மணித்தியாலம் ஒரு சத்தம் போடேல்லை. ஆறு வயதுப் பொடியன் சத்தம் போடாமல் இருக்கிறதை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

குரல் வழமைபோல இல்லை. அந்த முதற்சொல்லைத் தவிர கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பெப்ரவரியில் இன்னொரு விடுமுறை வரும், பனிக்கால விடுமுறை, ஒரு வாரம். அதற்கு முன் அதிபர் அந்தப் பகுதியில் பனி தள்ளும் வண்டிக்காரரைப் பிடித்தார். மனிதர் வடக்கத்தியர் என்பது அவர் ஏசிய ஏச்சிலேயே இவருக்குத் தெரிந்துவிட்டதாம். இருவரும் அரைமணி நேரம் ஒருவரையொருவர் அன்பாகத் திட்டிக்கொண்டு நின்றார்கள். வழமையாக அள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் கொட்டும் பனியை அவர் எங்கள் உதைபந்தாட்டத் திடலில் கொட்டத் தொடங்கினார். நாளுக்கு நாள் அது வளர்ந்தது. கடைசியில் பள்ளியின் இரண்டாம் மாடி யன்னலுக்குச் சமமாக ஒரு மலை. அதிபர் ஒரு பக்கத்தைத் தண்ணீர் ஊற்றி உறையவைத்துச் சறுக்கு ஆக்கினார்.

முதலில் சறுக்கிப் பார்த்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் தட்டொன்றில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, உச்சியிலிருந்து இறங்கினார். பாதி வழியில் தட்டு ஒரு பக்கம், அதிபர் ஒரு பக்கம். அந்தக் குதிரை வார்த்தையைத் திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் அதை உடனே மனனம் செய்துகொண்டார்கள். அந்தக் கிழமை எங்களுக்கு வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை தொற்றைப் பற்றியவை அல்ல, அந்த வார்த்தையைப் பற்றியவை.

வகுப்பு வகுப்பாக நேரம் ஒதுக்கியிருந்தார். ஒரு வகுப்பு போனபின்தான் அடுத்தது. காலையிலிருந்து இருட்டும்வரை அங்கேயே நின்றார். நான் போகவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் போனேன். அந்த மூன்று பிள்ளைகளும் தங்கள் தங்கள் வகுப்போடு வந்தார்கள். சின்னவன் மலை உச்சியில் நின்று வாயைத் திறந்தான் பாருங்கள், ஒரு கப்பல் புறப்படுகிற மாதிரி சத்தம். அதிபர் என் பக்கம் திரும்பி, "கேக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் நாள் குழுத்தலைவர் தொலைபேசி எடுத்தார். அதிபர் அதை ஒலிபெருக்கியில் போட்டார்.

"விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்க வேண்டும்."

"பூட்டித்தான் இருக்கிறது. திறப்பு என் பையில்."

"பிள்ளைகள் முற்றத்தில் கூடுகிறார்களாம். மலை ஒன்று இருக்கிறதாம்."

"பனி பெய்திருக்கிறது. என்னைக் கேட்டுப் பெய்யவில்லை."

"நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்தானே?"

"விடுமுறையை அமைதியாகக் கழிக்கச் சொன்னீர்கள். நான் நின்றபடி கழிக்கிறேன்."

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய வாரமே ஒரு செய்தி வந்தது. அந்த மூவரில் நடுப்பிள்ளைக்குத் தொற்று. அவளுடைய வகுப்பு முழுவதும் வீட்டுக்குள். அடுத்து இன்னொரு வகுப்பில் இரண்டு பேர். மலையில்தான் பரவியது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். தமிழ் வைபர் குழுக்களில் அதிபரைப் பொரித்தெடுத்தார்கள். "படிச்ச மனிசிக்கு வாய் இருக்கிற அளவுக்கு மூளை இல்லை" என்று ஒருவர் குரல்பதிவு போட்டிருந்தார். அவருடைய மகன் அந்தக் கிழமை ஒரு நாள் தவறாமல் சறுக்கியவன். அலுவலகம் அதிபரை விசாரணைக்கு அழைத்தது. வண்டிக்காரர் வந்து மலையை அள்ளிக்கொண்டு போனார். அன்று அவரும் ஏசவில்லை.

அதிபரும் ஒடுங்கித்தான் போனார். ஒரு நாள் முழுக்கத் தன் அறைக்குள் இருந்தார். அடுத்த நாள் காலை வெளியே வந்து, "வாரும் ஐசே, ஏச்சு வாங்கப் போவம்" என்றார்.

தனிமைப்படுத்தப்பட்ட வீடு ஒவ்வொன்றுக்கும் போனோம். மேலே ஏறவில்லை. கீழே பனியில் நின்று தொலைபேசி எடுப்பார். பெற்றோர் பால்கனிக்கு வருவார்கள். "மலை என்னுடைய வேலை. ஏதாவது சொல்ல இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்பார். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு பாகிஸ்தானியத் தகப்பன் நோர்வேஜிய மொழியில் நெடுநேரம் திட்டினார். முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்ற அதிபர், "கடைசியாகச் சொன்னதை வடக்கில் இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள்" என்று சொல்லிக் காட்டினார். அந்த மனிதர் சிரிக்கக்கூடாது என்று மிகவும் முயன்றார்.

கடைசியாக அந்தத் தமிழ்க் குடும்பம். நான்காம் மாடி. தகப்பன் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"தம்பி, பிள்ளைக்கு எப்பிடி இருக்கு?" என்று கீழேயிருந்து கத்தினார் அதிபர்.

"இப்ப காய்ச்சல் இல்லை அக்கா. சாப்பிடுறாள்."

"நான்தான் மலை கட்டினது. ஏசிறதெண்டால் ஏசும். கீழைதான் நிக்கிறன்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். சுற்றிலும் பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். சோமாலியர், வியட்நாமியர், ஒரு நோர்வேஜியக் கிழவர். தமிழ் விளங்கக்கூடியவர்கள் நாங்கள் மூவர் மட்டும்தான்.

"அக்கா, உங்கடை மலையிலை இருந்து வரேல்லை. என்னிலை இருந்துதான் வந்தது. லீவு துவங்க முந்தியே எனக்குக் காய்ச்சல். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கு நிரந்தர வேலை இல்லை, கூப்பிட்டால்தான் வேலை. வருத்தம் எண்டு சொன்னால் பிறகு கூப்பிடமாட்டாங்கள் எண்டு பயம். ரெண்டு காய்ச்சல் குளிசையைப் போட்டிட்டு பஸ் ஓடினனான். பிள்ளையளுக்கும் குடுத்துப்போட்டன்."

நான் அதிபரின் வாயைத்தான் பார்த்தேன். அதிலிருந்து வரப்போவதற்கு நான் தயாராக இருந்தேன்.

"பஸ்ஸிலை வந்த சனத்துக்குத் தெரியுமோ?"

"தொற்றுத் தேடுற ஆக்களுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன் அக்கா. எந்தெந்த பஸ், எந்த நாள் எல்லாம். அவை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டினமாம்."

"அப்ப சரி. உள்ளை போம். குளிருக்கை நில்லாதேயும். பிள்ளைக்கு ரசம் வைச்சுக் குடும்."

அவ்வளவுதான். நாங்கள் நிலக்கீழ் ரயில் நிலையம்வரை நடந்தோம்.

விசாரணைக்கு ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம் என்று விதி இருந்தது. என்னைக் கூட்டிப்போனார். நீளமான மேசை, ஆளுக்காள் தூரம், நடுவில் கைகழுவும் திரவப் போத்தல். குழுத்தலைவர் உண்மையில் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அவருக்கும் இவர் மேல் ஒரு மரியாதை இருந்தது என்று நினைக்கிறேன். தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிடுவது போலத்தான் கேட்டார்.

"தொற்று மலையில்தான் பரவியது என்று நாங்கள் ஊகிக்கிறோம். வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம் என்று நினைக்க உங்களிடம் ஏதும் காரணம் இருக்கிறதா? ஏதாவது கேள்விப்பட்டீர்களா?"

ஒரு வசனம் போதும். பெயர்கூடத் தேவையில்லை. மலைமேல் விழுந்த பழி நீங்கிவிடும், அவரும் காப்பாற்றப்பட்டுவிடுவார். ஆனால் எந்த வீடு என்று கண்டுபிடிக்க ஒரு நாள் எடுக்காது. அந்தத் தொடர்மாடிகளில் செய்தி ஓடும் வேகம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதிபரின் கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது. வாய் ஒருமுறை திறந்து மூடியது. மேசைக்கடியில் அவருடைய பனிச்சப்பாத்து தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

"தெரியாது" என்றார்.

தலைவர் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதை அவர் மடித்துப் பையில் வைத்தார். ஒரு பகிடிகூட விடவில்லை. தலைவருக்கே அது கவலையாக இருந்திருக்கவேண்டும்; வாசல்வரை வந்து, சுகமில்லையா என்று அவரிடம் கேட்டார்.

இதை எழுதலாமா என்று அந்தத் தகப்பனிடம் அண்மையில் கேட்டேன். அவர் இப்போது வேறு நகரத்தில், நிரந்தர வேலையில் இருக்கிறார். "அக்காவைப் பற்றி எழுதுங்கோ அண்ணை. எல்லாத்தையும் எழுதுங்கோ. என்ரை பேரை மட்டும் விடுங்கோ" என்றார். அதிபரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அதிபர் படியில் நின்று முகக்கவசத்தை இழுத்துக் கழற்றினார். நீண்ட நேரம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்து வெளியே வந்தவர்போல மூச்சுவிட்டார். பிறகு வடக்கு மொழியில் இருக்கிற அத்தனை வார்த்தைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, தெருவைப் பார்த்து, யாரையும் குறிப்பிடாமல் சொல்லித் தீர்த்தார். டிராமுக்குக் காத்துநின்ற ஒரு மூதாட்டி மரியாதையாகத் தள்ளி நின்றார்.

எல்லாம் முடிந்தபின் என் பக்கம் திரும்பினார்.

"வாயை மூடிக்கொண்டிருக்கிறது இவ்வளவு கஷ்டமான வேலையெண்டு எனக்குத் தெரியாது ஐசே. நீர் என்னெண்டு இதை முழுநாளும் செய்யிறீர்?"